கத்தரித்த ஐம்பத்திரண்டு விநாடி

பல்கலைக்கழகத்தில் அவளைச் சொந்தப் பெயரால் அழைப்பது சம்பளச் சீட்டு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் கத்தரி. இளையவர்களுக்குக் கத்தரி அக்கா. நூலகத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறையில் உட்கார்ந்து வகுப்புகளின் வீடியோக்களை வெட்டுவது அவள் வேலை.

மொத்தம் இருபத்தெட்டு வகுப்பறைகள். ஒவ்வொன்றிலும் பின்கதவுக்கு மேலே ஒரு கேமரா, பாடம் நடத்துகிறவர் சட்டையில் செருகிக்கொள்ள ஒரு மைக். மணி அடித்தால் பதிவு தானாக ஆரம்பிக்கும், தானாக நிற்கும். மறுநாள் அவள் அதன் தலையையும் வாலையும் நறுக்குவாள். தலை என்றால் பேராசிரியர் வருவதற்கு முன்பு நாற்காலிகள் இழுபடும் நேரம். வால் என்றால் அவர் போன பிறகு பலகையைத் துடைக்க வரும் ஊழியரின் முதுகு. மாலை ஆறு மணிக்குள் வீடியோ மாணவர்களுக்குப் போய்விட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், கால் முறிந்து படுத்திருப்பவர்கள், ஒரு காரணமும் இல்லாமல் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவர்கள், எல்லோரும் தங்களுக்கு வேண்டிய நேரத்தில் அதைப் போட்டுப் பார்ப்பார்கள்.

இதற்கு முன் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கே வெட்டுப்பட்ட சித்தப்பாக்கள் மட்டும் வந்து சண்டை போடுவார்கள். அதற்கும் முன்னால் இரண்டு வருடம் மாலைக் கல்லூரியில் கணக்கியல் படித்தாள். மகள் பிறந்ததும் வகுப்புக்குப் போக முடியாமல் நின்றுபோனது. அப்போது வீடியோ எல்லாம் கிடையாது. போகாத வகுப்பு போனதுதான். அதனாலோ என்னவோ, இந்த வேலைக்கு வந்த ஆறு வருடங்களில் ஒரு நாள்கூட ஆறு மணியைத் தவறவிட்டதில்லை.

தவறவிடாமல் இருக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பாடத்துக்கு நடுவே பேராசிரியர்களுக்கு வீட்டிலிருந்து போன் வரும், யாராவது தேடி வருவார்கள், இருமல் வரும். "அதையெல்லாம் எடுத்துடும்மா" என்று ஆளாளுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். சீட்டுகள் குவிந்தன. கடைசியில் அவளே ஒரு ஜாடை சொல்லிக் கொடுத்தாள். வெட்ட வேண்டிய இடம் வந்தால் கேமராவைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டுங்கள், முடிந்ததும் மறுபடி காட்டுங்கள், இரண்டு கைக்கும் நடுவில் இருப்பதை நான் தூக்கிவிடுகிறேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் சத்தம் வைத்துக் கேட்கிற வேலை மிச்சம். எட்டு மடங்கு வேகத்தில் படத்தை மட்டும் ஓடவிட்டு, உள்ளங்கை தெரிகிற இடத்தில் டக்கென்று நிறுத்துவாள். தேநீர் குடித்துக்கொண்டே செய்வாள். பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவள் கணினியைத் திறந்தபோது, முந்தைய நாள் மாலை வந்த ஒரு கடிதம் காத்திருந்தது. எழுதியவள் கட்டுமானத் துறையில் இறுதியாண்டு மாணவி.

"அக்கா, உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். மண்ணியல் பாடத்தின் கடைசி வகுப்பில், தேர்வுக்குக் குறிப்புத் தாள் கொண்டுவரக் கூடாது என்று சார் எத்தனையாவது நிமிடத்தில் சொல்கிறார் என்று சொல்ல முடியுமா? நான் நான்கு தடவை பார்த்துவிட்டேன். எனக்குக் கண்ணில் படவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டே பார்ப்பதால் எங்கோ விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். தாளோடு போய்ப் பிடிபட்டேன். நாளை பதினோரு மணிக்கு விசாரணை. தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஒரு வருடம்தான் வெளியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று வருடம் என்கிறார்கள். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் என் காதால் ஒரு தடவை கேட்டுவிட்டால் மனது ஆறும்."

அந்தப் பாடத்துக்கு எப்போதும் ஒரு பக்கம் சூத்திரங்களைக் கையால் எழுதி எடுத்துப் போகலாம். இந்த வருடம்தான் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. வகுப்புக்கு வந்தவர்கள் பேராசிரியர் வாயால் கேட்டார்கள். வராதவர்களுக்குக் கூட்டாளிகள் சொன்னார்கள். இந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஆள் இல்லை. அவளுக்கு வகுப்பு என்றாலே வீடியோதான்.

கத்தரி அந்த வீடியோவைப் போட்டாள். சத்தத்தோடு, சாதாரண வேகத்தில், கடைசி கால் மணி நேரத்தைக் கேட்டாள். இல்லை. முதலிலிருந்து வேகமாக ஓட்டினாள். இல்லை. நாற்பத்தோராவது நிமிடத்தில் பேராசிரியர் மேசைக்கு இடது பக்கம் நின்றுகொண்டிருந்தார். அடுத்த நொடியில் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

அந்தத் தாவல் அவள் கைவேலை.

வெட்டாத மூலப் பதிவு சர்வரில் நாற்பது நாள் இருக்கும். நாற்பதாவது நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தானாக அழிந்துவிடும். தேதியை விரல்விட்டு எண்ணினாள். நம்பாமல் நாள்காட்டியைப் பார்த்தாள். நாற்பதாவது நாள் இன்றுதான்.

மூலத்தைத் திறந்தாள். அந்த இடத்தில் பின்கதவு திறக்கிற சத்தம். பேராசிரியர் நிமிர்ந்து பார்த்து உள்ளங்கையை நீட்டுகிறார். "அங்கேயே நில்லுங்கப்பா, இதைச் சொல்லி முடிச்சிடறேன்." கேமராவுக்கு நேர் கீழே, தாமதமாக வந்த யாரோ நிற்கிறார்கள். மேசையைச் சுற்றி நடந்துகொண்டே சொல்கிறார்: "இந்த வருஷம் குறிப்புத் தாள் கிடையாது. காலையிலதான் சுற்றறிக்கை வந்திருக்கு. தாளோட வந்தா காப்பியடிச்சதாத்தான் எடுத்துக்குவாங்க. வராதவங்க வீடியோவுல பார்த்துக்கட்டும்." மறுபடி கையை நீட்டுகிறார். "ம், இப்ப வாங்க. சத்தம் போடாம உட்காருங்க."

கைக்கும் கைக்கும் நடுவில் ஐம்பத்திரண்டு விநாடி. அவள் தேநீர் குடித்துக்கொண்டே தூக்கி எறிந்தது.

மேலாளரிடம் போனாள். அறையின் மறுகோடியில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் அவர் ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையோடு கொண்டுபோன மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். அவர் ஒரு தடவை பார்த்தார், சத்தத்தைக் குறைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"யாருக்காவது சொன்னியாம்மா?"

"உங்களுக்குத்தான் சார்."

"விசாரணைக் குழு நம்மகிட்ட ஏதாவது கேட்டிருக்கா? கடிதம், கிடிதம்?"

"இல்ல. தொண்ணூறு பேர் நேர்ல கேட்டிருக்காங்க, அதுவே போதும்னு விட்டுட்டாங்க. இந்தப் பொண்ணு வீடியோவை முழுசாப் பார்த்ததுக்குக் கணினியில கணக்கு இருக்கு. பார்த்தும் தாளோட வந்தாள்னுதான் குற்றமே."

மேலாளர் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இது என்ன பட்டியல் தெரியுமா? ஒப்பந்தப் புதுப்பிப்பு. உன் பேரு, கேமரா பார்த்துக்கற அந்த ரெண்டு பசங்க பேரு. மத்தியானம் மேல போகுது. போன வருஷமே என்ன சொன்னாங்க? வெட்டறதுக்கு எதுக்கு ஆளு, மெஷினே வெட்டும்னு சொன்னாங்க. அவங்க வாயில நீயே போய் அவலைப் போடப் போறியா?"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"அந்தப் பொண்ணுக்கு நான் கொடுமை பண்ணச் சொல்லல. பதில் எழுதாம இரு, அவ்வளவுதான். இன்னும் ரெண்டு மணி நேரத்துல அது தானாப் போயிடும். நீயும் அழிக்கல, நானும் அழிக்கல."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். அவள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வாய் திறக்காமல் விடுப்புக் கொடுத்தவர். அவள் தன் இடத்துக்கு வந்து கணவனுக்குப் போன் செய்தாள். அவன் பேருந்து ஓட்டுநர். கடைசி நிறுத்தத்தில் ஆறு நிமிடம் வண்டி நிற்கும்போதுதான் எடுப்பான். மூன்றாவது தடவை எடுத்தான்.

"என்ன, வீட்ல தண்ணி வரலையா?"

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொன்னாள், இருந்தாலும் நான்கு நிமிடம் போய்விட்டது.

"அது சரி," என்றான். "நீ என்கிட்ட கேக்கறது அனுமதியா, தைரியமா?"

"ரெண்டும் இல்ல. வேலை போச்சுன்னா கோபப்படுவீங்களான்னு தெரிஞ்சுக்கணும்."

"படுவேன். ரெண்டு நாள் படுவேன். அப்புறம் உன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு எப்படி இருக்கறது? வாயைத் திறக்காம இருந்துட்டு நீ ஆறு மாசம் தூங்காம புரளுவ. பக்கத்துல படுக்கறவன் நான்." பின்னால் யாரோ மணியைத் தட்டினார்கள். "வண்டியை எடுக்கணும். பதினோரு மணின்னா ஏன் இன்னும் பேசிட்டிருக்க?"

பத்து இருபதுக்கு அவள் மூலப் பதிவை மடிக்கணினியில் நகல் எடுக்க ஆரம்பித்தாள். இரண்டு மணி நேர வகுப்பு. வெட்டிய துண்டை மட்டும் கொண்டுபோனால், இதை எங்கிருந்து ஒட்டினாய் என்று கேட்பார்கள். முழுசாக வேண்டும். திரையில் பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. பத்து நாற்பதுக்கு முப்பத்தெட்டு சதவீதம். அந்தப் பெண்ணுக்கு, "கையெழுத்துப் போடாதீங்க, நான் வந்துட்டிருக்கேன்" என்று எழுதி அனுப்பினாள். அந்தப் பெண் அதைப் பார்த்த அடையாளம் எதுவும் வரவில்லை. தேர்வு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். விசாரணை நாளில் இணைப்புக் கொடுப்பதில்லை என்று ஒரு குரல் வைத்துவிட்டது. பத்து ஐம்பத்தைந்துக்கு எழுபது. கண்ணாடிக்குள் இருந்து மேலாளர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வந்து இணைப்பு ஒயரைப் பிடுங்கிவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அவர் எழுந்திருக்கவில்லை. பார்வையைத் திருப்பவும் இல்லை.

பதினொன்று ஒன்பதுக்கு நகல் முடிந்தது. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஆறு வருடத்தில் அந்த வளாகத்தில் அவள் ஓடியதில்லை. நூலகத்தைச் சுற்றி, வாகன நிறுத்தத்தைக் குறுக்கே கடந்து, மூன்று மாடி ஏறியபோது மூச்சு தொண்டையில் முட்டிக்கொண்டது. கதவருகே நின்ற உதவியாளர் கையை நீட்டினார்.

"உள்ள விசாரணை நடக்குது. பேர் இருக்கா பட்டியல்ல?"

"இல்ல."

"அப்ப உட்காருங்க."

"உட்கார்ந்தா அந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுடும்," என்று சொல்லி, அவர் யோசித்து முடிப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் நால்வர். நடுவில் தேர்வு அலுவலர், நரைத்த தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி அணிந்த அம்மாள். ஓரத்தில் மண்ணியல் பேராசிரியர். இந்தப் பக்கம் தனி நாற்காலியில் அந்தப் பெண். அவள் முன்னால் ஒரு தாள். பேனா மூடி கழற்றியிருந்தது.

"யாரும்மா நீங்க?"

"பதிவுப் பிரிவு. அந்த வகுப்பை வெட்டினது நான்தான்." மூச்சு வாங்கியது. "போட்டாச்சா?"

"எதை?"

"கையெழுத்து."

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் விழுந்திருந்தன.

கத்தரி மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தாள். முதலில் மாணவர்கள் பார்த்த வீடியோ. மேசைக்கு இடது பக்கம் பேராசிரியர், வலது பக்கம் பேராசிரியர். பிறகு மூலம். "தாளோட வந்தா காப்பியடிச்சதாத்தான் எடுத்துக்குவாங்க" என்று அந்த அறையிலேயே பேராசிரியரின் குரல் கேட்டது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த நிஜப் பேராசிரியரின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் பின்னாடி வந்த பசங்களை நிக்கச் சொன்னேன்மா," என்றார் மெதுவாக.

"தெரியுது சார். சத்தம் வச்சுக் கேட்டிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நான் சத்தம் வைக்கறதில்ல."

"வைக்கறதில்லையா?" என்றார் தேர்வு அலுவலர். "ஒரு நாளும்?"

"இருபத்தெட்டு வகுப்பும்மா. ஆறு மணிக்குள்ள."

"நான் காரணம் கேக்கல. வைக்கறதில்லையான்னுதான் கேட்டேன்."

"வைக்கறதில்ல."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றி, அந்தப் பெண்ணின் முன்னால் இருந்த தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மற்ற மூவரிடமும் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். பேராசிரியர்தான் முதலில் தலையாட்டினார். அம்மாள் தாளை இரண்டாக மடித்துக் கோப்புக்குள் வைத்துவிட்டு, "நீ போலாம்மா," என்றார். "உன் விடைத்தாளைத் திருத்தச் சொல்றேன். எழுத்துப்பூர்வமா நாளைக்கு வரும்."

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. கத்தரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளாக்கா," என்றாள். குரல் உயரவே இல்லை. "நாலு நாளா நான் என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். குழந்தையைக்கூடத் திட்டிட்டேன். அது அழுதப்பதான் சார் சொல்லியிருக்கணும், அதான் எனக்குக் கேக்கலன்னு."

வருகிற வழியில் கத்தரி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தச் சொல் வாய்க்கு வந்து பொருத்தமில்லாமல் நின்றது. "ஆமா," என்று மட்டும் சொன்னாள். "நான்தான்."

அந்தப் பெண் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். நன்றி சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்று கத்தரிக்குத் தோன்றியது.

அவளும் கிளம்பப் போனபோது தேர்வு அலுவலர் கேட்டார். "இந்தப் பருவத்துல இந்த மாதிரி கை காட்டி வெட்டினது எத்தனை இருக்கும்?"

அவள் அதுவரை அந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. "எண்ணினதில்லம்மா. ஒரு நாளைக்கு நாலஞ்சு."

"எல்லாத்தோட மூலமும் இருக்கா?"

"நாற்பது நாள் வரைக்கும் இருக்கும். இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கு ஒரு நாளோடது போயிடும்."

சுவர்க் கடிகாரம் பதினொன்று நாற்பத்தாறு காட்டியது. "நிறுத்துங்க," என்றார் அம்மாள்.

நிறுத்துகிற கடவுச்சொல் மேலாளரிடம்தான் இருந்தது. அந்த அறையிலிருந்தே போன் செய்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி நீண்ட நேரம் அடித்த பிறகுதான் எடுத்தார்.

"சார், அழிக்கறதை நிறுத்தணும். தேர்வு அலுவலர் சொல்றாங்க."

"நீ சொல்றியா, அவங்க சொல்றாங்களா?"

"ரெண்டு பேரும்."

"பட்டியலை இப்பதான் அனுப்பினேன்," என்றார் அவர். "உன் பேரை எடுக்கல. அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது." விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. "நிறுத்தியாச்சு. வந்து வேலையைப் பாரு."

அவள் திரும்பி வந்தபோது பன்னிரண்டு ஐந்து. மேலாளர் தலை நிமிரவில்லை. அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கை காட்டி வெட்டிய இடங்களைக் கணினியிலிருந்து எடுத்தபோது, அந்த நாற்பது நாளில் மட்டும் நூற்று முப்பத்தேழு வந்தது. அவற்றையெல்லாம் சாதாரண வேகத்தில், சத்தத்தோடு, புதிய வீடியோக்களுக்கு நடுவே கேட்க வேண்டும். அன்று ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஆறு மணி தாண்டிப்போயிற்று. ஏழு இருபதுக்கு வீடியோ போனது. பதினான்கு மாணவர்கள் ஏன் தாமதம் என்று கேட்டு எழுதினார்கள். ஒருவன், "கத்தரி அக்கா தூங்கிட்டாங்களா?" என்று கேட்டிருந்தான்.

இரண்டு வாரம் அவள் அப்படித்தான் இருந்தாள். பேராசிரியர்களின் அந்தரங்கம் எல்லாம் காதில் வந்து விழுந்தது. ஒருவர் மனைவியிடம் சாவியைத் தேடச் சொன்னார். ஒருவர் மருத்துவரிடம் ஏதோ எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார். பெரும்பாலும் வெட்ட வேண்டியவைதான். ஒவ்வொன்று முடிந்ததும் அவள் இறுக்கிப் பிடித்திருந்த மூச்சை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். வீட்டில் சாப்பிடும்போதுகூடக் காது அடைத்தது போல இருந்தது. "அம்மா, நான் பேசறப்பயாவது ரெண்டு மடங்கு வேகத்துல கேட்டுடாத," என்று மகள் கிண்டல் செய்தாள். கணவன் சொன்னபடி இரண்டு நாள் கோபமாக இருந்தான், மூன்றாம் நாள் அவனே பேசினான்.

எட்டாம் நாள் ஒப்பந்தக் கடிதம் வந்தது. வருடம் என்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மாதம் என்று இருந்தது. மற்ற இருவருக்கும் வருடம்தான். மேலாளர் அதை அவள் மேசையில் வைத்துவிட்டு, "இப்போதைக்கு மூணு மாசந்தான்மா, பார்க்கலாம்," என்றார். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து பேராசிரியர்கள் கை காட்டுவதும் நின்றுபோனது. எல்லோருக்கும் சுற்றறிக்கை போய்விட்டது. மறுபடி சீட்டுகள் வர ஆரம்பித்தன.

நூற்றுப் பதினொன்றாவது வெட்டில், வேதியியல் பேராசிரியர் யாருக்கோ உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஆய்வக அறிக்கை தராதவர்கள் இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் தரலாம், அதற்குப் பிறகு பூஜ்யம் என்று சொன்னார். கத்தரி பதிவை நிறுத்தினாள். பின்னுக்கு ஓட்டி இன்னொரு தடவை கேட்டாள். நாள்காட்டியில் அன்று தேதி பதினெட்டு; இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த வகுப்பை வீடியோவில் மட்டும் பார்த்தவர்கள் பட்டியலைத் திறந்தாள். ஒன்பது பேர். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் ஆளின் எண்ணை அழுத்தினாள்.